கல்லும் பாதையும்: மலை ஏறப் போகும் என் பிள்ளைகளுக்கு



"சார், இந்த லீவுக்குக் குடும்பத்தோட வர்றோம். நம்ம மலையில எங்க ட்ரெக்கிங் போகலாம்?" கொஞ்ச நாளாக இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கோவை, திருப்பூர், பெங்களூர், துபாய் என்று போய்விட்ட நீங்கள், உங்கள் பிள்ளைகளுக்கு மலையைக் காட்ட நினைப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத வயதும் கண்ணும் இடம் கொடுக்கவில்லை. அதனால் மொத்தமாக இங்கேயே எழுதுகிறேன். வரலாற்று வாத்தியார் என்பதால் பதில் கொஞ்சம் நீளம். பீரியட் முடிய மணி அடிக்காது என்பதால் பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் நடக்கப் போகும் பாதைகள் ட்ரெக்கிங்குக்காகப் போட்டவை அல்ல. அவை எல்லாமே யாரோ பிழைப்புக்காகவும் வழிபாட்டுக்காகவும் படையெடுப்புக்காகவும் நடந்து நடந்து உண்டானவை. அந்தப் பாதைகளின் ஓரத்தில் முன்னோர் விட்டுப்போன கற்கள் இருக்கின்றன. பாதையில் வந்தவர்கள் எப்படி நடந்துகொண்டார்களோ, அதைப் பொறுத்தே அந்தக் கற்கள் தப்பின, அல்லது அழிந்தன. இதை மனதில் வைத்துக்கொண்டு நடங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

சாலைக்கு முந்தைய வழிகள்

நீலகிரி என்றால் 1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே ஏறி வந்த நாளிலிருந்து கதையைத் தொடங்குவது வழக்கம். மலைக்கு அன்றுதான் பிறந்தநாள் என்பதுபோல. ஆனால் 1117-ம் ஆண்டைச் சேர்ந்த சாமராஜநகர் பக்கத்துக் கல்வெட்டு ஒன்று, போய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புனிசன் தோடர்களை அச்சுறுத்தி நீலமலையைக் கைக்கொண்டான் என்று சொல்கிறது. தோடர் என்ற பெயர் எழுத்தில் வருவது அங்கேதான். படை வந்தது என்றால் வழி இருந்தது என்று பொருள். வடக்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கு பாறைச் சுவராகச் செங்குத்தாக இறங்கும். வெள்ளைக்காரர்கள் அதற்கு 'மைசூர் பள்ளம்' என்றே பெயர் வைத்தார்கள். அந்தப் பள்ளம் கிழக்கே சமவெளியில் விரியும் இடத்தில் தண்டநாயகர்களின் டணாயக்கன்கோட்டை இருந்தது. இன்று அது பவானிசாகர் அணையின் நீருக்குள். கடும் வறட்சியில் நீர் வற்றினால், மூழ்கிய கோயில் தலைகாட்டும்.

1603-ல் ஃபெனிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் மலையாளக் கரையிலிருந்து ஏறி வந்து தோடர்களைப் பார்த்து எழுதி வைத்தார். 1812-ல் கீஸ், மக்மகான் என்ற இரண்டு நில அளவையாளர்கள் டணாயக்கன்கோட்டைப் பக்கத்திலிருந்து ஏறினார்கள். இவர்களில் யாரும் புதுப் பாதை வெட்டவில்லை. மலைவாசிகள் காட்டிய வழியில்தான் வந்தார்கள். படகர் தானியமும், கோத்தர் இரும்பும் மண்பானையும், தோடர் நெய்யும், குறும்பர் தேனும் கைமாறிக்கொண்ட வழிகள் அவை. மந்துக்கும் ஹட்டிக்கும் கோக்காலுக்கும் இடையே வண்டிச்சக்கரம் படாமலே வணிகம் நடந்த மலை இது.

அதற்குப் பிறகுதான் கம்பெனி பாதை போட்டது. 1820-களில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு, 1830-களில் குன்னூர் வழியாக. அதே 1830-களில் கோழிக்கோட்டுப் பக்கத்திலிருந்து சிஸ்பாறை வழியாக அவலாஞ்சிக்கு ஒரு மலைப்பாதை வெட்டினார்கள். மேற்குக் கரையிலிருந்து ஊட்டிக்கு அதுதான் குறுக்கு வழி. மழையும் குளிரும் காய்ச்சலும் அந்தப் பாதையைத் தின்றுவிட்டன. வழிப்போக்கர் பங்களா இருந்த இடத்தைப் புல் மூடியது. இன்று அந்தப் பக்கம் முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்கும் அமைதிப் பள்ளத்தாக்குக்கும் உட்பட்ட காடு. நினைத்தவுடன் யாரும் போக முடியாது.

முக்கூர்த்தியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோடர்களுக்கு இறந்தவர்களின் உலகம் மேற்கே இருக்கிறது. உயிர் அங்கே போகும் வழி அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். எந்தக் கல்லைத் தொட வேண்டும், எந்த ஓடையைக் கடக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. 1906-ல் ரிவர்ஸ் என்ற ஆய்வாளர் தோடர்கள் பற்றி எழுதிய புத்தகத்தில் இதை விவரமாகப் பதிவு செய்திருக்கிறார். நமக்கு வெறும் புல்மேடாகத் தெரிகிற இடம், இன்னொருவருக்குத் தாத்தா போன வழி.

உச்சியில் இருக்கும் வட்டங்கள்

மலையின் குன்று உச்சிகளில் கிணற்றுச் சுவர்போல வட்டமாக அடுக்கிய கற்களைச் சிலர் பார்த்திருப்பீர்கள். சில இடங்களில் குத்துக்கல் வட்டம், சில இடங்களில் வெறும் கற்குவியல். இவை ஈமச்சின்னங்கள். எரித்த எலும்பும் சாம்பலும் தாழியிலும் பானையிலும் வைத்து, கூடவே இரும்பு ஈட்டி, கத்தி, அரிவாள், மணிகள், வெண்கலக் கிண்ணம், சிலவற்றில் பொன் நகையும் வைத்திருக்கிறார்கள். ஊட்டியில் 'கெய்ர்ன் ஹில்' என்று ஒரு குன்று உண்டு. கெய்ர்ன் என்றால் கற்குவை. சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே நடந்து படம் எடுத்துத் திரும்புகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் பொருள் தெரியும்?

இந்தக் குழிகளில் கிடைத்த மண்பாண்டங்கள் வேறெங்கும் பார்க்க முடியாதவை. அடுக்கடுக்காக உயர்ந்த ஜாடிகள். அவற்றின் மூடிமேல் கழுத்தில் மணி கட்டிய எருமை, யானை, பறவை, குதிரை மேல் அமர்ந்த வீரன், ஆண், பெண் உருவங்கள். சென்னையில் இருப்பவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு மூடியிலும் செய்தவனின் குறும்பு தெரியும்.

இவை தவிர மூன்று பக்கம் பலகைக்கல் நிறுத்தி மேலே ஒரு கல் மூடிய கல்திட்டைகள் உண்டு. மேலூர், சோலூர் போன்ற இடங்களில் உள்ள கல்திட்டைகளில் வீரர்களின் உருவங்கள் செதுக்கியிருக்கும். கீழ்க்கோத்தகிரிப் பக்கம் கரிக்கையூரில் இருளர் வாழும் காட்டில் பொறிவரை என்ற பாறை ஒதுக்கு இருக்கிறது. மாடுகளும் மனிதர்களுமாகப் பாறை ஓவியங்கள். வெள்ளரிக்கொம்பையில் குறும்பர் ஊருக்கு மேலே இன்னொரு ஓவியப் பாறை.

தோண்டியவர்கள்

இனி வருத்தமான பகுதி. 1847-ல் காங்கிரீவ் என்ற ராணுவ அதிகாரி இந்தக் கல்வட்டங்களைத் திறந்து பார்த்து எழுதினார். தோடர்களின் முன்னோர் மத்திய ஆசியாவின் சிதியர்கள் என்பது அவர் கட்சி. முடிவை முதலில் வைத்துக்கொண்டு சான்றைப் பிறகு தேடியவர். அவருக்குப் பின் நீலகிரியின் முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ். இவர் அக்கறையானவர், உழைப்பாளி. நிறைய கல்வட்டங்களைத் திறந்தார். 1872-ல் இறந்துபோனார். அடுத்த ஆண்டு அவர் மனைவி அந்தக் குறிப்புகளை நூலாக வெளியிட்டார். இன்றும் நீலகிரித் தொல்லியல் என்றால் அந்த நூலைத் தொடாமல் எழுத முடியாது. அவர் எடுத்தவற்றில் பெரும்பகுதி சென்னையில். ஒரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில்.

"பொருள் பத்திரமாகத்தானே இருக்கிறது சார், அப்புறம் என்ன வருத்தம்?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு தாழிக்குள் நெல்மணி கிடைத்தது. எந்தக் குழி, எந்த ஆழம், எந்தத் தாழி என்று பதிவு செய்து எடுத்தார்கள். அந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-ல் அரசு அறிவித்தது. ஒரு பிடி நெல் மூவாயிரம் ஆண்டுக் கணக்கைச் சொல்லிவிட்டது. நம் மலையில் கிடைத்ததோ அழகான வெண்கலக் கிண்ணமும் பொன் நகையும். ஆனால் எந்தக் கிண்ணத்தின் பக்கத்தில் எந்தப் பானை இருந்தது, எந்த எலும்பு மேலே, எது கீழே என்ற விவரம் பெரும்பாலும் இல்லை. மண் அடுக்கு கலைந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கல்வட்டங்களின் காலம் பற்றி அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வேறுபட்டு இன்றும் விவாதிக்கிறார்கள். கட்டியவர்கள் யார் என்பதிலும் அப்படியே. நெல்மணி பேசுகிறது, பொன் ஊமையாக இருக்கிறது. வித்தியாசம் எடுத்த முறையில்தான். ஆதிச்சநல்லூரில் 1876-ல் தோண்டிய யாகோர் பொருட்களை பெர்லினுக்கு எடுத்துப்போன கதையும் உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

பழியைத் துரைமார் தலையில் மட்டும் போட்டுவிட்டுப் போக முடியாது. புதையல் ஆசையில் ராத்திரியோடு ராத்திரியாகக் கல்திட்டையைப் புரட்டியவர்கள் நம்மவர்கள்தான். பொறிவரை ஓவியங்களின்மேல் பெயரைக் கீறி வைத்ததும் இந்தக் காலத்தில் சுற்றிப் பார்க்க வந்தவர்கள்தான். பல நூற்றாண்டு மழைக்கும் காற்றுக்கும் தாங்கிய கோடு, ஒரு ஆணியின் முன்னால் ஒரு நிமிடம் தாங்கவில்லை.

வைத்திருந்தவர்கள்

அத்தனை காலம் அவற்றைக் காத்தது யார்? சட்டம் இல்லை, வேலி இல்லை, காவலர் இல்லை. அருகில் வாழ்ந்தவர்கள் அவற்றைத் தொடவில்லை. சில கல்திட்டைகளில் குறும்பர்கள் தங்கள் முன்னோர் நினைவாக ஆற்றில் உருண்டு வழவழப்பான கூழாங்கற்களைக் கொண்டுவந்து வைப்பார்கள் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்புகளிலேயே இருக்கிறது. நாம் 'தொல்லியல் சின்னம்' என்று சொல்வது அவர்களுக்கு வீட்டுச் சாமி மாடம். எடுத்துப் போகிறவனுக்கும் கொண்டுவந்து வைக்கிறவனுக்கும் உள்ள வேறுபாட்டை யோசித்துப் பாருங்கள்.

உலகம் முழுக்க இதே கதைதான். அமெரிக்காவின் தென்மேற்கே பாலைவனப் பள்ளத்தாக்குகளில், பாறைப் பொந்துகளுக்குள் புவெப்லோ மக்களின் முன்னோர் கட்டிய கல்வீடுகள் உண்டு. 1891-ல் நோர்டென்ஷெல்ட் என்ற இளைஞர் மேசா வெர்டே என்ற இடத்தில் தோண்டிப் பொருட்களைப் பெட்டி பெட்டியாக ரயிலேற்றப் போனார். ஊர்க்காரர்கள் கொதித்து, அவரைக் கைது செய்யவைத்தார்கள். தடுக்கச் சட்டமே இல்லை என்று விட்டுவிட்டார்கள். பொருட்கள் கடைசியில் பின்லாந்து போய்ச் சேர்ந்தன. 1906-ல்தான் பழம்பொருள் பாதுகாப்புச் சட்டம் வந்தது, மேசா வெர்டே தேசியப் பூங்காவும் ஆனது. 2020-ல் பின்லாந்து மனித எலும்புகளையும் ஈமப் பொருட்களையும் அந்த மக்களிடம் திருப்பிக் கொடுத்தது. நூற்று இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து.

இன்று அந்தப் பள்ளத்தாக்குகளில் நடக்கப் போகிறவர்களுக்குச் சொல்லப்படும் விதிகள் எளிமையானவை. சுவரில் சாயாதே. ஓவியத்தைத் தொடாதே, கையின் எண்ணெய்ப் பசையே அதைக் கெடுக்கும். ஓட்டுச் சில்லை எடுத்துப் பார்த்தால் எடுத்த இடத்திலேயே வை. இடத்தின் துல்லியமான இருப்பிடத்தை ஊருக்கெல்லாம் அறிவிக்காதே. நமக்கும் இவை அப்படியே பொருந்தும்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், கூடலூரிலிருந்து சுல்தான் பத்தேரி வழியாக அம்புகுத்தி மலைக்குப் போய் எடக்கல் பாறைச் செதுக்கல்களைப் பாருங்கள். 1890-களில் ஃபாசெட் என்ற போலீஸ் அதிகாரி உலகுக்கு அறிவித்த இடம். தமிழ் பிராமி எழுத்தும் அங்கே உண்டு. ஏறும் வழி வரையறுக்கப்பட்டது, உள்ளே ஆள் நின்று கவனிக்கிறார்கள்.

நம் ஓவேலி

இனி நம் ஊருக்கு வருகிறேன். 1840-களில் மலையை அளந்த ஜான் அக்டர்லோனி இந்தப் பள்ளத்தாக்கு காபிக்கு ஏற்றது என்று கண்டார். அவர் சகோதரர் ஜேம்ஸ் 1845-ல் முதல் தோட்டத்தைத் தொடங்கினார். அது லாரஸ்டன். அக்டர்லோனி வேலி நம் வாயில் ஓவேலி ஆயிற்று. நிலம் நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்மம். காபி போய்த் தேயிலை வந்தது. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து உங்களில் பலருடைய தாத்தா பாட்டி கூடலூர்ப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் எல்லாருக்கும் முன்பிருந்தே பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் இங்கே நடந்துகொண்டிருந்தார்கள்.

1969-ல் கூடலூர் ஜென்மம் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1995-ல் இங்குள்ள மரங்கள் வெட்டப்படுவதைத் தடுக்கக் கோரி நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12-ல் வந்த தீர்ப்பு, காடு என்ற சொல்லுக்கு இந்தியா முழுமைக்கும் பொருள் வகுத்தது. நாட்டின் வனச் சட்டத்தையே மாற்றிய வழக்கு நம் கூடலூர் மரங்களிலிருந்து தொடங்கியது என்பது பெருமைதான். ஆனால் நிலப் பிரச்சினை முடியாமல் கிடந்ததால், ரோடு கேட்டாலும் கரண்டு கேட்டாலும் "கேஸ் இருக்கு" என்ற பதிலைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளும் நீங்கள்தான்.

அதனால் சூண்டி, ஆரோட்டுப்பாறை, எல்லமலை, பெரியசோலைப் பிள்ளைகளுக்கு நடை என்பது விளையாட்டல்ல. தேயிலை ஃபீல்டு, கூப்பு ரோடு, சோலை ஓரம், ஓடை என்று நடந்து பள்ளிக்கு வந்தீர்கள். "சார், வழியில யானை" என்று சொன்னால், அதற்கு மேல் லீவு லெட்டர் கேட்டதில்லை. அதே வழியில் வேலைக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகள் நம் ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆயிரக்கணக்கில் பணம் கட்டி 'காட்டு அனுபவம்' தேடி வருகிறவர்களைப் பார்க்கும்போது, அந்த அனுபவத்துக்குத் தினமும் விலை கொடுக்கிற மக்களை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

ஒருமுறை ஏழாம் வகுப்பில் நிலவரைபடப் பாடம். வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரையச் சொன்னேன். மற்ற பிள்ளைகள் ரோடு, கடை, கோயில் போட்டார்கள். ஒரு காட்டுநாயக்கர் பையன் ரோடே போடவில்லை. தேன் இருக்கும் மரம், யானை இறங்கும் சரிவு, கோடையிலும் வற்றாத ஊற்று, இரவில் போகக்கூடாத வளைவு, அவர்கள் கும்பிடும் கல் என்று அடையாளங்களாகவே வரைந்திருந்தான். அரசாங்க மேப்பில் அந்த இடம் வெறும் பச்சை. வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் போகாதீர்கள் என்று நான் சொல்வது சட்டத்துக்காக மட்டுமல்ல. அந்தப் பச்சைக்குள் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

போகிறவர்களுக்கு

2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று வனத்துறை 40 பாதைகளை அறிவித்தது. இணையத்தில் பதிவு செய்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியுடன் போகலாம். கெய்ர்ன் ஹில், கரிக்கையூர், பார்சன்ஸ் வேலியிலிருந்து முக்கூர்த்தி, நம் கூடலூர் ஊசிமலை எல்லாம் அதில் உண்டு. கோடையில் தீ அபாயத்தால் மூடுவார்கள். எது திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

என் வேண்டுகோள் சில:

1. அனுமதி உள்ள பாதையில் மட்டும் போங்கள். "லோக்கல் பையன் கூட்டிட்டுப் போறான்" என்று புலிகள் காப்பகத்துக்குள் நுழைவது குற்றம். மாட்டிக்கொண்டால் நீங்கள் அபராதம் கட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். அந்தப் பையனின் பிழைப்பு போய்விடும்.

2. கல்வட்டத்தின் மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். அது சமாதி. உங்கள் தாத்தா சமாதிமேல் யாராவது ஏறி நின்றால் சும்மா இருப்பீர்களா?

3. ஓட்டுச் சில்லு, மணி, இரும்புத் துண்டு எது கிடந்தாலும் பையில் போடாதீர்கள். கிடக்கும் இடத்தோடு சேர்ந்தால்தான் அது சான்று. வீட்டு அலமாரிக்கு வந்தால் வெறும் ஓடு. மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டமே சொல்கிறது.

4. புதிதாக ஏதாவது கல்திட்டையோ ஓவியமோ கண்ணில் பட்டால், லொகேஷனோடு பதிவு போடாதீர்கள். தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். லைக்குக்கு ஆசைப்பட்டுப் போடும் ஒரு படம், கடப்பாரைக்காரனுக்கு வழிகாட்டிவிடும்.

5. வழிகாட்டியிடம் கேளுங்கள். இந்த மேட்டுக்கு என்ன பெயர், இந்தக் கல் யாருடையது, இங்கே செருப்போடு வரலாமா என்று கேளுங்கள். அவர் "இதுக்கு மேல வேண்டாம்" என்றால் அங்கேயே திரும்புங்கள். காரணம் யானையாகவும் இருக்கலாம், சாமியாகவும் இருக்கலாம். இரண்டும் மதிக்க வேண்டியவைதான்.

ஊட்டியில் டீயும் வர்க்கியும் சாப்பிட்டு, மேலே நின்று நடுவட்டம் பக்கம் இறங்கும் மேகத்தைப் பாருங்கள். அந்த மேகத்துக்குக் கீழேதான் நம் ஓவேலி. இங்கே தொல்லியல் துறையின் பலகை ஒன்றும் இல்லை. இருந்தாலும் உங்கள் பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். அப்பா எந்த வழியாகப் பள்ளிக்குப் போனார், பாட்டி எந்த ஃபீல்டில் கொழுந்து எடுத்தார் என்று பகலில், நாலு பேரோடு சேர்ந்து, ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டு நடந்து காட்டுங்கள். சில குறுக்குப் பாதைகளை இப்போதே லாண்டானா மூடிவிட்டது. நடந்தவர்கள் பெயரையாவது பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். வரும்போது ஸ்வெட்டர் மறக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று ஆசிரியர்,
ஓவேலி